தழும்பில்லாத கண்ணாடி

உமையாளிடம் ஒரு மேடை வித்தை இருந்தது. எந்த மாநாட்டுக்குப் போனாலும் அதைச் செய்துகாட்டாமல் அவளை இறங்க விடமாட்டார்கள். உள்ளங்கை அகலத்தில், மாதுளை முத்து நிறத்தில் ஒரு வில்லையை எடுத்து எல்லோருக்கும் காட்டுவாள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்த தூளுப்பில் ஒரு சிட்டிகையை அதன்மேல் தூவி, கைக்குட்டையால் பரபரவென்று தேய்ப்பாள். முன்வரிசைக்காரர்கள் பல் கூசியதுபோல முகம் சுளிப்பார்கள். வழவழவென்றிருந்த வில்லை மங்கிப்போய்விடும். அதைச் சூடான தட்டில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். பிறகு எடுத்துத் துடைத்துக் காட்டினால் மருந்துக்குக்கூட ஒரு கீறல் இருக்காது. கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

"காயம் ஆறும், தழும்பு இருக்காது" என்று சொல்லி முடிப்பாள். அந்த வாக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நாற்பத்தாறு வயதில் ஒரு விஞ்ஞானிக்குத் தன் வாக்கியத்தின்மேல் இருக்கக்கூடிய ஆசையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

விஷயம் இவ்வளவுதான். பெட்ரோலைச் சுத்தம் செய்யும்போது கந்தகம் கழிவாக விழும். சுத்திகரிப்பு ஆலைகளின் பின்பக்கம் அது மஞ்சள் மலையாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. காரைக்குடியில் தன் ஆய்வுக்கூடத்தில் உமையாள் அதை உருக்கி, இன்னொரு எண்ணெயோடு சேர்த்துச் சமைத்து, ஒரு பாலிமர் செய்தாள். நம் கண்ணுக்கு அது ஏறக்குறைய இருட்டு. வெப்பக்கதிர்களுக்கோ திறந்த வாசல். ஒரு பொருளின் சூட்டைத் தொடாமல் தூரத்திலிருந்தே பார்க்கும் காமிராவுக்கு அதுவரை ஜெர்மேனியம் என்ற விலைகூடிய தனிமத்தில்தான் கண் செய்தார்கள். உமையாளின் கண் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வந்தது. அதோடு, கீறல் விழுந்தால் தூக்கியெறிய வேண்டாம். சூடு காட்டினால் உள்ளேயிருக்கும் கந்தகச் சங்கிலிகள் ஒன்றையொன்று கைவிட்டு, இளகி, மறுபடி கைகோத்துக்கொள்ளும்.

அதை நம்பித்தான் வெப்ப ஓய்வுச் சட்டமே வந்தது. இரண்டு கோடைகளில் வயலிலும் சாலையிலும் செத்து விழுந்தவர்களின் எண்ணிக்கை சட்டசபையையே கூசவைத்த பிறகு வந்த சட்டம். வெட்டவெளியில் ஆள் வேலை செய்யும் இடங்களிலெல்லாம் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு வெப்பக்கண். மணிக்கொரு தடவை தொழிலாளி அதன் முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். கண்ணோரத்துச் சூட்டைப் பார்த்து அது உடம்பின் சூட்டைச் சொல்லும். முப்பத்தெட்டரை டிகிரிக்குள் இருந்தால் பச்சை விளக்கு, வேலைக்குப் போகலாம். தாண்டினால் சிவப்பு. சிவப்பு எரிந்தவருக்கு ஒரு மணி நேரம் நிழல், தண்ணீர், கூலியில் கைவைக்கக் கூடாது. முதல் கட்டமாகத் தூத்துக்குடிக் கடற்கரையில் சில உப்பளங்களில் ஜனவரியில் கம்பங்களை நட்டார்கள். சரியாக வந்தால் ஜூன் மாதம் மாநிலம் முழுக்க நடுவதாகத் திட்டம்.

மே பதினொன்றாம் தேதி, அக்னி நட்சத்திரத்தின் நடுவில், பவளத்திட்டு உப்பு நிறுவனத்தின் அளத்தில் சுடலைவடிவு என்கிற முப்பத்தெட்டு வயதுப் பெண் உப்பு வாரிக்கொண்டிருந்தபோதே பாத்திக்குள் குப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உடம்பின் சூடு நாற்பத்திரண்டு. சாயங்காலம் இறந்துபோனாள். அவள் விழுவதற்கு இருபது நிமிடம் முன்னால் கம்பம் அவளைப் பார்த்து முப்பத்தேழு புள்ளி ஒன்று என்று பதிந்து பச்சை காட்டியிருந்தது.

விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். தலைவர், தணிகாசலம் என்கிற ஓய்வுபெற்ற அதிகாரி. கருவியைச் சோதித்துச் சான்று தருவதற்கு உமையாள். குழு தங்கியதும் விசாரித்ததும் எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே உப்பு நிறுவனத்தின் விருந்தினர் விடுதியில், அவர்கள் செலவில், அவர்கள் போட்ட குளிரில். ஆடு செத்ததை விசாரிக்க ஓநாய் வீட்டில் பந்தி. இது யாருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் விசேஷம். உமையாளுக்கும் முதல் நாள் உறுத்தவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிறுவனத்தின் மேலாளர் ராமபூபதி நல்ல பேச்சுக்காரர்.

"கருவி சொல்லுது, வேலை செய்யும்போது அந்தம்மாவுக்குச் சூடே இல்லைன்னு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன்ல ஏ.சி. ஓடல. மூடின வண்டி, மே மாச வெயில், முக்கால் மணி நேரம். சூடு அங்க ஏறியிருக்கு சார். விழுந்ததுக்குக் காரணம் வேற ஏதாவது நெஞ்சுக் கோளாறா இருக்கலாம்."

அதாவது, வடிவு வேலையில் சாகவில்லை, காப்பாற்றக் கொண்டுபோன வண்டியில் செத்தாள். கேட்பவன் கேனயனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். தணிகாசலம் தலையை ஆட்டி அதை எழுதிக்கொண்டார்.

உமையாள் அளத்துக்குப் போனாள்; தணிகாசலமும் ராமபூபதியும் கூட வந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. நின்றால் கீழிருந்தும் வெயில் அடித்தது. இறப்பு நடந்து இரண்டாம் நாள் காலையில், மே பதின்மூன்றில், போலீஸ் வந்து கம்பத்துக்கு முத்திரை வைத்திருந்தது. முத்திரையை உடைத்து வில்லையைக் கழற்றிக் கொண்டுவந்த கருவியில் வைத்துப் பார்த்தாள். வெப்பக்கதிர் எந்தத் தடையுமில்லாமல் ஊடுருவியது. மேற்பரப்பில் கீறல் இல்லை, மங்கல் இல்லை. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. ஒரு பெண் சாக விழுந்த இடத்தில் நின்றுகொண்டு தன் கண்ணாடியை நினைத்துப் பெருமைப்பட்டதைப் பின்னால் அவள் பல தடவை நினைத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டாவது கேள்வி மட்டும்தான் உங்களது, டாக்டர்" என்றார் தணிகாசலம், படிவத்தை நீட்டி. "கருவியில் குறை உண்டா? ஆம், இல்லை. 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிரும்."

பேனாவைத் திறந்தபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேடம், அந்தக் கண்ணு பொய் சொல்லுது."

தலையில் துண்டைச் சுற்றி, காலில் கிழிந்த ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் வரப்பில் நின்றாள். கங்காணி ஆவுடையப்பன் அவளை விரட்டப் போனார். உமையாள் தடுத்தாள்.

"நீங்க யாரு?"

"சந்தனமாரி. வடிவு கூட பதினாறு வருசமா ஒரே பாத்தில வாருதேன்."

"கருவியச் சோதிச்சுப் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"நீங்க பாக்கும்போது நல்லாத்தான் இருக்கும். அன்னிக்கு வடிவு மூணு தடவ அதுக்கிட்டப் போனா. தலை சுத்துது, கண்ண இருட்டுதுன்னு சொன்னா. அது மூணு தடவையும் பச்சையக் காட்டுச்சு. இந்தா நிக்காரே கங்காணி, 'பச்சைதான, போய் வாரு'ன்னாரு." சந்தனமாரியின் குரல் உயர்ந்துகொண்டே போனது. "இந்தக் கம்பம் வாறதுக்கு முந்தி, தலை சுத்துனா உக்காந்துருவோம் மேடம். திட்டுவாங்க. திட்டட்டும்னு உக்காந்துருவோம். இப்ப உக்கார முடியாது. கம்பம் சொல்லணும். எங்க ஒடம்புக்கு முடியலன்னு எங்க ஒடம்பு சொன்னாப் பத்தாதாம், அது சொல்லணுமாம். யாரு மேடம் இதக் கண்டுபிடிச்சது?"

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படிப் பச்சையே காட்டுது?" என்று மட்டும் உமையாள் கேட்டாள்.

"மாசி மாசத்துல இருந்து. நடுவுல மூணு நா மட்டும் செவப்பு எரிஞ்சுது. ஆபீசர் வந்த அன்னிக்கு."

உமையாள் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். சந்தனமாரி சொன்னது அட்சரம் பிசகவில்லை. மார்ச் இரண்டிலிருந்து எழுபத்திரண்டு நாட்களில் சிவப்பு எரிந்தது மூன்றே நாட்களில். மூன்றும் தொழிலாளர் துறை அதிகாரி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்த நாட்கள்.

"அந்த மூணு நாள் வெயில் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் ராமபூபதி.

"பாத்தீங்களா, கருவி வேலை செய்யுதுன்னு இதுவே நிரூபணம்" என்றார் தணிகாசலம்.

உமையாள் படிவத்தை மூடி, வில்லையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். "இதை ஊருக்குக் கொண்டுபோய் அறுத்துப் பாக்கணும்" என்றாள்.

"அறுக்கறதா? இருக்கற ஒரே சாட்சி அதுதான். அறுத்து ஒண்ணும் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா 'இல்லை'ன்னு எழுதிடறேன்."

கம்பத்தின் பக்கமாகக் கையைக் காட்டிச் சந்தனமாரி கேட்டாள்: "அதுல கீறல் கெடந்தா பொய் சொல்லுமா மேடம்?"

"சொல்லும். பொடிப்பொடியா நிறையக் கீறல் இருந்தா, உங்க முகத்துச் சூடு நேரா உள்ள வராது. பின்னாடி இருக்கற வானத்தோட கலந்து வரும். இந்தக் காமிராவுக்கு வானம் ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ச்சி. ரெண்டும் கலந்தா நாப்பதும் முப்பத்தேழாத் தெரியும். ஆனா இதுல கீறல் இல்லையேம்மா."

"ஆறிப்போயிருக்கும்லா?" என்றாள் சந்தனமாரி சாதாரணமாக. "ஆறிப்போற கண்ணாடின்னுதான கொண்டாந்து வச்சாங்க."

காரைக்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் உமையாளைக் குடைந்தது. தன் கட்டுரைகளில் இருபது தடவை எழுதிய சொல். அதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டென்று உப்பு வாரும் பெண் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

வில்லையைத் தோசைக்கனத்தில் நெடுக்காக அறுத்து, மெருகேற்றி, சாதாரண நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். வெப்பக்கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியே போதும்போல் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தச் சிவப்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு கோடும் உப்புத் துணுக்குகளின் வரிசை.

எப்படி என்று புரிய அரைமணி நேரம் ஆனது. யாரோ உப்பைப் போட்டு வில்லையைத் தேய்த்திருக்கிறார்கள். பிறகு கழற்றி, தட்டில் படுக்கவைத்துச் சூடேற்றியிருக்கிறார்கள். வில்லை இளகிக் கீறலை மூடும்போது கீறலுக்குள் மாட்டிய துணுக்குகளையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. உப்பு அந்தப் பாலிமரைவிடக் கனம். இளகும் ஒவ்வொரு தடவையும் முன்பு விழுங்கியது மயிரிழை கீழே இறங்கும். மறுபடி தேய்ப்பு, மறுபடி சூடு, மேலே இன்னொரு கோடு. அவளுடைய கருவி ஏன் இதைப் பார்க்கவில்லை? உப்புப் பளிங்கும் வெப்பக்கதிரைத் தடுக்காது. முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள், அந்தச் சோறும் அவள் வடித்தது.

கோடுகளை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. நாட்காட்டியை எடுத்து மார்ச் இரண்டிலிருந்து வேலைநாட்களை எண்ணினாள். ஞாயிறுகளைத் தள்ளி, மே தினத்தைத் தள்ளி, அதிகாரி வந்த மூன்று நாட்களைத் தள்ளி எண்ணினால் அதே ஐம்பத்தெட்டு வந்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதில் ஒரு விஷயம் அவளை நெருடியது. அதை அப்போது நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் விருந்தினர் விடுதியில் குழு மறுபடி கூடியது. உமையாள் படத்தைத் திரையில் போட்டு விளக்கினாள். சந்தனமாரியையும் அழைக்க வேண்டும் என்று அடம்பிடித்திருந்தாள். அவள் கடைசி நாற்காலியில், நுனியில், பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ராமபூபதி அசரவில்லை. இதற்கும் பதில் வைத்திருந்தார்.

"சார், எங்ககிட்ட சிசிடிவி இருக்கு. பாருங்க."

ஜனவரி மாதத்துப் படம். ஏழெட்டுப் பெண்கள் புதுக் கம்பத்தைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருத்தி கைநிறைய எதையோ எடுத்துக் கம்பத்தை மூன்று தடவை சுற்றுகிறாள். அந்த ஒருத்தி சந்தனமாரிதான். பின்னால் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பவள் வடிவு.

"திருஷ்டி சார்! இவங்களே உப்பை எடுத்துக் கண்ணாடி மேல வீசியிருக்காங்க. தினமும் செஞ்சிருப்பாங்க. படிப்பறிவு இல்லாத ஜனம். நாம நல்லதுக்குக் கருவி வச்சா, அதுக்கும் கண்ணேறு கழிச்சிருக்காங்க."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "ஆக, தொழிலாளர்களின் சொந்தத் தவறு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். பாருங்கள், எவ்வளவு வசதி! வண்டியில் ஏறிய சூடு போய், இப்போது செத்தவளே தன் சாவுக்கு உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டவள் ஆகிவிட்டாள்.

உமையாளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கு உப்பு என்றால் சோடியம் குளோரைடு. யார் கையிலிருந்து விழுந்தாலும் ஒன்றுதான்.

சந்தனமாரி எழுந்தாள். "ஆமா, சுத்துனோம். புதுசா ஒரு கண்ணு வந்து நாள் முச்சூடும் எங்களையே பாத்துக்கிட்டு நிக்குன்னா சுத்திப் போடாம என்ன செய்வோம்? ஒரு நா சுத்துனோம். சுத்துன உப்பத் தண்ணியில கரைச்சோம். கண்ணுல எவளாவது எறிவாளா?"

"அதை எப்படி நம்பறது?" என்றார் ராமபூபதி.

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. திரைக்கு அருகே போய், மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் நின்று வெள்ளைத் துணுக்குகளைப் பார்த்தாள்.

"மேடம், இதப் பெருசாக் காட்டுவீங்களா?"

உமையாள் பெரிதாக்கினாள். எல்லாத் துணுக்கும் ஒரே அளவில், அச்சில் வார்த்த சதுரங்களாக நின்றன.

"இது எங்க உப்பு இல்ல" என்றாள் சந்தனமாரி.

"உப்புல எங்க உப்பு, உங்க உப்பு என்னம்மா?" என்றார் தணிகாசலம்.

"நல்லாருக்கே! நெல்லு வெளைவிக்கிறவனுக்கு அரிசி தெரியாதா? அளத்து உப்பு கல்லு கல்லா, கோணமாணலா, சாம்பலடிச்சுக் கெடக்கும். இது ஆலையில அரைச்சுச் சலிச்ச தூளுப்பு. பாக்கெட்ல வார உப்பு." திரும்பி நின்று அறை முழுவதையும் பார்த்துக் கேட்டாள். "தூளுப்ப வச்சு எவ திருஷ்டி கழிப்பா? ஒங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்டக் கேட்டுப் பாருங்க சார். கல்லுப்புதான் சுத்துவோம். மலை மலையாக் கல்லுப்ப நாங்க வாரிக் குவிச்சுக்கிட்டு, கடையில போய்த் தூளுப்பு வாங்கியாந்தா சுத்துவோம்?"

தணிகாசலத்தின் பேனா நின்றுவிட்டது. அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமைதோறும் கல்லுப்புதான் போலிருக்கிறது.

உமையாள் எழுந்து தன் பையிலிருந்து மீதித் துண்டை எடுத்தாள். பாக்கெட் உப்பில் அயோடின் கலந்திருக்கும், அளத்து உப்பில் இருக்காது. அதைச் சோதிக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். சமையலறையிலிருந்து கஞ்சித் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வாங்கிவரச் சொன்னாள். உப்பை வாங்கவும் மறக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. அறுத்த துண்டைச் சுரண்டி எடுத்த பொடியில் கஞ்சியும் சாறும் விட்டபோது மெல்ல ஊதா நிறம் படர்ந்தது. விடுதிச் சமையலறையின் தூளுப்பிலும் அதே நிறம். அளத்தில் உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டிலிருந்து அள்ளிவரச் சொன்ன உப்பு வெள்ளையாகவே கிடந்தது.

"கம்பத்துக்குத் தூளுப்பு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

ராமபூபதி வக்கீலிடம் பேச வேண்டும் என்றார். ஆனால் கதவோரம் நின்றிருந்த கங்காணி ஆவுடையப்பனுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பழி கடைசியில் எந்தப் படியில் வந்து இறங்கும் என்பது படிக்கட்டின் அடியில் நிற்பவனுக்குத் தெரியும். அவர் வெளியே போய், ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்து மேசைமேல் வைத்தார்.

பெட்டியின் மூடியில் உமையாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கம்பத்தோடு சேர்த்து நிறுவனங்களுக்குக் கொடுத்த விளக்கப்பெட்டி அது. வாங்குகிறவர்களும் அந்த மேடை வித்தையைச் செய்து பார்க்கட்டும் என்று விற்பனைக்காரர்கள் கேட்டபோது, அவள்தான் சரி என்று சொல்லித் தன் படத்தையும் போட்டுக்கொள்ளச் சம்மதித்தாள். அதன்பிறகு மறந்தே போனாள். உள்ளே ஒரு சின்னச் சூட்டுத்தட்டு, மெல்லிய துணி, பாதி காலியான தூளுப்புப் பாக்கெட், ஒரு தாள். தாளில் அவளுடைய தமிழ்: 'வில்லையின்மேல் ஒரு சிட்டிகை சமையல் உப்பைத் தூவித் துணியால் தேய்க்கவும். பார்வை மங்கும். பத்து நிமிடம் சூடேற்றவும். காயம் ஆறும், தழும்பு இருக்காது.'

"நீங்க எழுதுனதத்தாம்மா செஞ்சேன்" என்றார் ஆவுடையப்பன். அவர் உமையாளைப் பார்த்துத்தான் பேசினார். "பிப்ரவரிக் கடைசியில யாரோ பெரிய மனுசங்க வந்தாங்க. காலைல தேய்ச்சுக் காட்டுனோம். சூடேத்துறதுக்குள்ள கரண்டு போயிருச்சு. அப்படியே மாட்டிட்டோம். அன்னிக்கு ஒரு ஆளுக்குக்கூடச் செவப்பு எரியல. உப்பு எப்பவும் விட நாலு லோடு கூட. மேனேஜர் சாயங்காலம் வந்து கேட்டாரு, என்ன விசேசம்னு. சொன்னேன். அன்னிக்கு ராத்திரி வில்லையக் கழுவித் தொடைச்சுத்தான் ஆத்துனேன். ரெண்டு நா கழிச்சு, 'தினம் அப்படியே செஞ்சிரு'ன்னாரு. காலைல தேய்க்கணும், சாயங்காலம் ஆத்தணும். எனக்கும் வீட்ல பொண்ணு புள்ள இருக்கும்மா."

"சுடலைவடிவுக்கும் இருந்துச்சு" என்றாள் சந்தனமாரி.

ராமபூபதி எழுந்து போய்விட்டார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார், நாகரிகம் தெரிந்தவர்.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். அது தனிப் பத்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா டாக்டர், பன்னிரண்டாவது கேள்வியில மாற்றமில்லை. தவறாப் பயன்படுத்தினது வேற, கருவியோட குறை வேற. 'இல்லை'ன்னே போடுங்க. ஜூன்ல மாநிலம் முழுக்கக் கம்பம் நடணும். உங்க இருபது வருச உழைப்பு" என்றார்.

இருபது வருடம். ஆய்வுக்கூடத்தில் முட்டைநாற்றம் தலைமுடிவரை ஏறி, உறவுக்காரர்கள் விசேஷங்களில் பக்கத்தில் உட்காரத் தயங்கிய இருபது வருடம். உமையாள் படிவத்தை எடுத்தாள். 'கருவியில் குறை உண்டா?' என்பதற்கு எதிரே 'ஆம்' என்று எழுதினாள். 'குறையின் தன்மை' என்ற இடத்தில், 'தனக்குக் காயம் பட்டதை யாருக்கும் சொல்லாது' என்று எழுதினாள். 'குறைக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் தன் பெயரை முதலில் எழுதி, அதன்கீழே ராமபூபதியின் பெயரை எழுதினாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றார் தணிகாசலம்.

"இருக்கலாம் சார். தழும்பு இருக்காதுன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னேனே, யாருக்கு இருக்கக்கூடாதுன்னு ஒரு தடவைகூட என்னை நானே கேட்டுக்கல. தேய்ச்சா தேய்ச்சது தெரியணும். தெரியற மாதிரி ஒண்ணு செய்ய முடியும், செய்வேன். அதுவரைக்கும் ஒரு கம்பம் நடக்கூடாது. தலை சுத்தினா அவங்க உக்காரட்டும். அதுக்கு யார் பச்சையும் வேண்டாம்."

அவர் படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே போனார். திரையில் படம் இன்னும் அணையாமல் இருந்தது. சந்தனமாரி அதன் முன்னாலேயே நின்றிருந்தாள்.

"மேடம், ஒரு கோடு ஒரு நாளா?"

"ஆமா. பழசு கீழ. புதுசு மேல."

"வடிவு விழுந்த அன்னிக்கு உள்ள கோடு எது?"

இந்தக் கேள்வி வரக்கூடாது என்று உமையாள் ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

"மேலேயிருந்து ரெண்டாவது" என்றாள்.

சந்தனமாரி விரலை உயர்த்தி, திரையில் அந்தக் கோட்டின்மேல் வைத்தாள். சிறிது நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கண்ணை மட்டும் மேலே நகர்த்தினாள்.

"அப்ப இதுக்கு மேல ஒண்ணு கெடக்கே."

உமையாள் தலையை ஆட்டினாள்.

"மறுநா காலைல நாங்க ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்தோம். வடிவ அறுத்துப் பாத்துட்டுத் தாறதுக்கே பத்து மணி ஆச்சு. பொதைச்சிட்டு, கூலி போயிரும்னு அப்படியே ஈரச்சேலையோட வேலைக்கு வந்தோம்" என்றாள் சந்தனமாரி. அவள் குரலில் இப்போது கோபம்கூட இல்லை. "கம்பத்துல மூஞ்சியக் காட்டுனோம். எல்லாருக்கும் பச்சை எரிஞ்சுது. வடிவு இல்லாம, எங்க பத்தொம்பது பேருக்கும்."